உண்ணிக்கு எது பருவம்? லைம் நோயும் குரங்குக் காய்ச்சலும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லைம் நோய் ஏன் பெருகுகிறது என்று கேட்டால், பூமி சூடாகிறது என்பார்கள். அந்தப் பதில் பெருமளவு சரி. கர்நாடகத்து மலைநாட்டில் குரங்குக் காய்ச்சல் ஏன் புதிய ஊர்களில் தலைகாட்டுகிறது என்று கேட்டாலும் இப்போதெல்லாம் அதே பதில்தான் கிடைக்கிறது. அங்கே அது பாதிகூடத் தேறாது. இரண்டுமே உண்ணி பரப்பும் நோய்கள். இரண்டுக்கும் காடும் காட்டு விலங்கும் வேண்டும். இரண்டிலும் காலநிலைக்குக் கை உண்டு. ஆனால் ஒன்றில், நோய் எந்த ஊர்வரை போகலாம் என்பதையே வெப்பம் முடிவு செய்கிறது. மற்றதில், எந்த மாதத்தில் வரும் என்பதை மட்டும் மழை முடிவு செய்கிறது. எந்த ஊருக்குப் போகும் என்பதை முடிவு செய்பவை வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ‘காலநிலை மாற்றம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்களுக்குத்தான் நட்டம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு முதலிலேயே ஒரு விளக்கம் தேவை. நம் நாளிதழ்களில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது சிற்றுண்ணி என்னும் வேறோர் உயிரின் லார்வா. அந்த நோய் இங்கே பேச்சு அல்ல. மாட்டின் காதுமடலிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துப் பருக்குமே, அந்த உண்ணியின் இனத்தார் பரப்பும் நோய்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உண்ணி பூச்சி இனம் இல்லை; சிலந்திக்கு உறவு. முட்டையிலிருந்து வெளிவரும் லார்வாவுக்கு ஆறு கால். அது ஏதாவது ஒரு சிறு விலங்கின் மேல் ஏறி ஒரு முறை ரத்தம் குடித்துவிட்டு விழுந்து, தோலுரித்து, எட்டுக் கால் கொண்ட நிம்ஃப் ஆகிறது. நிம்ஃப் இன்னொரு விலங்கைப் பிடித்து ஒரு முறை குடித்துவிட்டு முழு உண்ணி ஆகிறது. பெண் உண்ணி கடைசியாக ஒரு முறை வயிறு புடைக்கக் குடித்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. ஆயுள் முழுவதற்கும் மூன்றே வேளைச் சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் சில நாட்களில் முடிந்துவிடும். மீதி வாழ்நாளெல்லாம், அதாவது நூற்றில் தொண்ணூறு பங்குக்கும் மேல், தரையில் சருகுக்கு அடியில்தான் கழிகிறது. பறக்கத் தெரியாது, தாவத் தெரியாது, தானாக நடந்தால் சில கெஜம் தூரம்.

காலநிலை உண்ணியின் மேல் கைவைப்பது இந்தத் தரை வாழ்க்கையில்தான். பசித்த உண்ணி புல்நுனிக்கோ சருகின் விளிம்புக்கோ ஏறி, பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால் இரண்டையும் காற்றில் விரித்தபடி காத்திருக்கும். அந்த முன்கால்களில் இருக்கும் ஒரு நுண்ணிய குழிதான் அதற்கு மூக்கு. மூச்சில் வரும் கரியமில வாயு, உடற்சூடு, வியர்வை வாடை எல்லாவற்றையும் அதனால் மோப்பம் பிடித்துவிடும். இப்படிக் காத்திருக்கும் நேரமெல்லாம் உடம்பின் ஈரம் வற்றிக்கொண்டே இருக்கிறது. வற்றியதும் கீழே இறங்கி, ஈரச் சருகுக்குள் புகுந்துகொள்ளும். உப்புச் சத்துள்ள எச்சிலை வாயோரம் கசியவிட்டு, காற்றில் உள்ள நீராவியை அதில் பிடித்து, மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். குளத்தைத் தேடிப் போகாமல் காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும் உயிர் இது. தரையோரக் காற்றில் போதிய ஈரப்பதம் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரும் கிடைக்காது. ஆகவே சூடு, ஈரம் இரண்டுமே உண்ணிக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. எந்த ஊரில் எது பற்றாக்குறையோ, அதுதான் அந்த ஊர் உண்ணிக்கு எசமானன்.

இரு நோய்களும் உலகுக்குத் தெரியவந்த விதத்திலேயே ஒற்றுமையும் வேற்றுமையும் இருக்கின்றன. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், சொரபா வட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் கும்பல் கும்பலாகச் செத்து விழுந்தன. கூடவே சுற்றுவட்டக் கிராமத்து மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் கண்டது. குரங்கும் மனிதனும் சேர்ந்து சாவதைக் கேட்டதும் மருத்துவ உலகம் பதறியது. ஆசியாவுக்குள் அதுவரை நுழையாத மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற பயம். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 1952இல் புனேயில் தொடங்கியிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்து டெல்ஃபோர்ட் ஒர்க், ஹெரால்ட் ட்ராபிடோ முதலியோர் வந்து ஆராய்ந்தார்கள். கிடைத்தது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் இல்லை. ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் வைரஸ்களுக்கு நெருங்கிய சொந்தம். அப்படியானால் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் மேல் ஒட்டிக்கொண்டு உண்ணி வந்ததோ என்று அடுத்த சந்தேகம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் சாலிம் அலி உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடும் பெரும் திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்தச் சந்தேகமும் ஒரு காரணம். பறவை வைரஸைக் கொண்டுவந்தது என்று நிரூபணம் ஆகவில்லை. இந்தியப் பறவையியலுக்கு மட்டும் அதனால் நல்ல காலம் பிறந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரிலும் அதன் அக்கம்பக்கத்திலும், 1975இல், குழந்தைகள் பலருக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீங்கியது. அந்த வயதில் இத்தனை பேருக்கு மூட்டுவாதம் வருமா என்று கேள்வி எழுப்பியவர்கள் தாய்மார்கள்தான். யேல் பல்கலைக்கழகத்து ஆலன் ஸ்டியர் விசாரணையில் இறங்கி, 1977இல் அதைத் தனி நோயாக விவரித்தார். அதைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமி இருப்பதை வில்லி பர்க்டார்ஃபர் கண்டு, 1982இல் வெளியிட்டார். கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. லைம் பாக்டீரியா நோய். டாக்சிசைக்ளின் மாத்திரை தொடக்கத்திலேயே கொடுத்தால் கட்டுப்படும். உயிரைக் குடிப்பது மிக அரிது. குரங்குக் காய்ச்சல் வைரஸ் நோய். அதற்கென்று மருந்து இல்லை. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் இறக்கிறார்கள். எண்ணிக்கையில் லைம் மலை என்றால் இது மடு. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் மதிப்பீடு. குரங்குக் காய்ச்சல் சராசரியாக ஆண்டுக்குச் சில நூறு பேரைத் தாக்குகிறது. ஆராய்ச்சிப் பணமும் இந்த விகிதத்தில்தான் பாய்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். குளிர்காலம் கடுமையாக இருந்தால் உண்ணி செத்துவிடும், இப்போது குளிர் குறைந்ததால் பிழைத்துக்கொள்கிறது என்பது பரவலான எண்ணம். இது முழு உண்மை ஆகாது. சருகின் மேல் பனி மூடினால் அது உண்ணிக்குக் கம்பளி. வெளியே உறையும் குளிர் அடித்தாலும் அடியில் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். வடக்கத்திய உண்ணியைத் தடுத்து நிறுத்துவது குளிரின் கடுமையைவிடக் கோடையின் போதாமை. முட்டை பொரிக்க, லார்வா தோலுரிக்க, நிம்ஃப் முதிர எல்லாவற்றுக்கும் குறிப்பிட்ட அளவு சூடு சேர வேண்டும். கனடாவின் பொதுச் சுகாதார முகமையில் நிக் ஆக்டனும் அவர் சகாக்களும் இதைக் கணக்காகவே போட்டார்கள். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியம் செல்சியஸுக்கு மேல் எத்தனை பாகையோ அதை ஆண்டு முழுவதும் கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் ஏறத்தாழ 2,800ஐத் தாண்டும் இடங்களில்தான் உண்ணிக் குடும்பம் நிலைக்கும். அதற்குக் குறைந்தால் இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய வாழ்க்கைச் சுற்று மூன்று, நான்கு ஆண்டுக்கு இழுக்கும். அவ்வளவு காலம் பட்டினி, வறட்சி, எறும்பு, பறவை எல்லாவற்றுக்கும் தப்பி முட்டையிடும் வரை உயிரோடு இருப்பவை சொற்பம். பிறப்பைவிட இறப்பு கூடிவிடும்.

இந்தக் கோடு இப்போது வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் கனடாவில் கருங்கால் உண்ணி குடியேறி வாழ்ந்ததாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்று: ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் லாங் பாயிண்ட் என்ற மணல் நாக்கு. இன்று தெற்கு ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா எங்கும் இருக்கிறது. சில கெஜத்துக்கு மேல் நடக்காத உயிர் எப்படிப் போனது? வசந்தத்தில் வடக்கே திரும்பும் பறவைகள் ஒவ்வோர் ஆண்டும் 5 கோடி முதல் 17.5 கோடி வரை உண்ணிகளைச் சுமந்து கனடாவுக்குள் இறக்குவதாக ஆக்டன் குழு மதிப்பிட்டது. சொரபாவில் நிரூபணம் ஆகாத பறவைக் கதை இங்கே உண்மை. இறக்குமதி முன்பும் நடந்ததுதான். முன்பு விழுந்த இடத்தில் அழிந்தன. இப்போது குடும்பம் நடத்துகின்றன. கனடாவில் 2009இல் பதிவான லைம் நோயாளிகள் 144 பேர். 2021இல் 3,147 பேர். வெப்பத்தின் கையெழுத்து இவ்வளவு தெளிவாகத் தெரியும் நோய்கள் குறைவு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை லைம் நோயைக் காலநிலை மாற்றத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே வரிசைப்படுத்தியிருக்கிறது.

வெப்பம் இடத்தை மட்டும் மாற்றவில்லை, நாட்காட்டியையும் தள்ளுகிறது. நியூயார்க் மாநிலம் மில்புரூக்கில் உள்ள கேரி நிறுவனத்தார் பல ஆண்டுகள் ஒரே காட்டில் உண்ணிகளை எண்ணிவந்தார்கள். சூடான ஆண்டுகளில் நிம்ஃப்கள் உச்சம் தொடும் நாள், குளிர்ந்த ஆண்டுகளைவிடக் கிட்டத்தட்ட மூன்று வாரம் முந்திவிட்டது. கசகசா அளவே இருக்கும் இந்த நிம்ஃப்தான் மனிதனுக்கு நோயைக் கொடுப்பதில் முதல் குற்றவாளி. கடித்தது தெரியாது, கண்ணிலும் படாது. ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் கிருமி உடம்பில் இறங்கும் என்பதால், மாலையில் குளிக்கும்போது உடம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லி அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே பழக்குகிறார்கள்.

ஆனால் ‘சூடு கூடினால் நோய் கூடும்’ என்று சூத்திரம் எழுதிவிட முடியாது. கருங்கால் உண்ணி புளோரிடாவிலும் வாழ்கிறது. அங்கே சூட்டுக்குப் பஞ்சமில்லை. லைம் நோய்க்குத்தான் பஞ்சம். காரணம் ஈரம். தெற்கின் வெயிலில் மேலே வந்தால் வற்றிச் செத்துவிடும் என்பதால் அந்த ஊர் நிம்ஃப்கள் சருகுக்கு அடியிலேயே பதுங்கி, பல்லி, அரணை போன்றவற்றைக் கடித்துக் காலம் தள்ளுகின்றன. பல்லி இனம் இந்தக் கிருமியை வளர்ப்பதில் மோசமான வீடு. வடக்கு நிம்ஃப்கள் சருகின் மேலே வந்து நிற்பதால் வெள்ளைக்கால் சுண்டெலியையும் மனிதனையும் பிடிக்கின்றன. சுண்டெலி கிருமிக்கு மிக நல்ல வீடு. ஒரே உண்ணி, ஒரே கிருமி, ஒரே நாடு. வானிலை வேறு, பழக்கம் வேறு, நோய் வேறு. ரோட் ஐலண்டில் நடந்த ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. ஜூன் மாதத்தில் தரையோர ஈரப்பதம் 82 விழுக்காட்டுக்குக் கீழே எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இறங்கும் நாட்கள் பெருகினால், அந்த ஆண்டு நிம்ஃப் கூட்டம் சரிந்துவிடுகிறது. அதாவது வெப்பம் கூடிக்கொண்டே போகும் உலகில், இந்த உண்ணிக்கு வடக்கில் லாபம், சில இடங்களில் நட்டம்.

வெப்பத்துக்கு முன்னாலேயே மேடை போட்டுக் கொடுத்தது நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தின் காட்டில் பெரும்பகுதியை வெட்டி உழுதார்கள். மான் ஏறக்குறைய அற்றுப்போனது. பிறகு மேற்கே நல்ல நிலம் கிடைத்ததும் உழவர்கள் போய்விட்டார்கள். கைவிட்ட வயலில் காடு திரும்பியது, ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத காட்டில் மான் பெருகியது, அந்தக் காட்டோரத்திலேயே நகரத்தார் தோட்டம் வைத்து வீடு கட்டினார்கள். ஓக் மரங்கள் காய்த்துக் குலுங்கிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு சுண்டெலி பெருகும். அதற்கடுத்த ஆண்டு நோயேந்திய நிம்ஃப் பெருகும் என்று கேரி நிறுவனத்து ரிக் ஆஸ்ட்ஃபெல்ட் காட்டியிருக்கிறார். லைம் நோய் வர்ஜீனியாவை நோக்கித் தெற்கேயும் பரவியிருக்கிறது. அந்தப் பரவலை வெப்பத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆகவே லைம் நோயின் பிறப்பு நிலத்தின் கதை. வடக்கு நோக்கிய பயணம் வெப்பத்தின் கதை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தால் இந்த வெப்பக் கணக்கு அப்படியே பொருளற்றுப் போகிறது. சூடு சேரவில்லை என்று எந்த உண்ணியும் இங்கே இனம் அழிந்ததில்லை. சிவமொக்காவில் (பழைய ஷிமோகா) ஆண்டின் எந்த நாளும் உறையும் நிலைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. இங்கே எசமானன் மழை. நோய் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்ற உண்ணியின் வாழ்க்கை தென்மேற்குப் பருவமழையோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. ஜூனில் முதல் மழை விழுந்ததும் முழு உண்ணிகள் கிளம்பி மாடு, மான் போன்ற பெரிய விலங்குகளில் ஏறும். மழை ஓயும் தறுவாயில் முட்டை பொரிந்து லார்வாக்கள் வெளிவரும். எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை, குரங்கு என்று கிடைத்ததைப் பிடிக்கும். சருகு காய்ந்து கிடக்கும் நவம்பர் முதல் மே வரை நிம்ஃபின் ஆட்சி. மனிதனுக்கு நோய் வருவதும் இந்த மாதங்களில்தான். அடுத்த மழை இறங்கியதும் காய்ச்சலும் நின்றுவிடும். அறுபது ஆண்டுக்கு மேலாக இந்த வரிசை மாறவில்லை.

இதே மழை மனிதனின் வேலையையும் அட்டவணை போடுகிறது என்பதுதான் இந்த நோயின் கொடுமை. மலைநாட்டுப் பாக்குத் தோட்டக்காரர்களுக்கு மாட்டுத் தொழுவத்தில் பரப்பவும் எருவுக்கும் காட்டுச் சருகு வேண்டும். மழைக்காலத்துக்கு விறகு சேர்க்க வேண்டும். முந்திரி பழுப்பதும் கோடையில்தான். டிசம்பரில் பனி உலர்ந்ததும் பெண்கள் காட்டுக்குள் போய், காய்ந்த சருகைக் கையாலேயே வாரிக் குவித்து, கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். நிம்ஃப் காத்திருப்பதோ அந்தச் சருகில்தான். கனெக்டிகட்டிலும் கோடைதான் உண்ணிக்கும் மனிதனுக்கும் சந்திப்புக் காலம். அங்கே தோட்டத்தில் புல்வெட்டுவதைத் தள்ளிப்போடலாம், காட்டு நடைக்குப் போகாமல் இருக்கலாம். சிவமொக்கா மாவட்டத்துச் சாகர் வட்டத்தில் சருகு அள்ளாவிட்டால் அடுத்த ஆண்டுத் தோட்டத்துக்கு எரு இல்லை.

பருவமழை மாறினால் இந்த நோய் மாறாதா? மாறும். இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951க்கும் 2015க்கும் இடையே கோடைப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது. குறைவு தெளிவாகத் தெரிந்த பகுதிகளில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்று. மழை முன்னதாக ஓய்ந்தால் நிம்ஃப் பருவமும் முன்னதாகத் தொடங்கலாம், சருகு அள்ளும் காலமும் நீளலாம். அதே வறட்சி முற்றினால் சருகடி ஈரமும் வற்றி உண்ணி சாகலாம். இரண்டும் எதிர்த் திசையில் இழுக்கின்றன. எது வெல்லும் என்பது பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். கிழக்கே சில மணி நேரம் பயணம் செய்தால் புன்செய் நிலம் வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ‘சராசரி வெப்பநிலை இத்தனை பாகை உயர்ந்தது, எனவே நோய் பரவியது’ என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

பரவலின் திசையைப் பார்த்தாலே இது விளங்கும். 2012 இறுதியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில், இறந்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர்களுக்கு நோய் கண்டது. கியாசனூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அதை ஒட்டி நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் இருந்தது. 2013இல் வயநாட்டில் முதல் மனித நோயாளி. 2015இல் அங்கே நூற்றுக்கு மேற்பட்டோர். பெரும்பாலும் காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினர். அதே காலகட்டத்தில் வடக்கேயும் போய், கோவாவின் சத்தரி வட்டம், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டம் என்று முந்திரிக்காட்டுத் தொழிலாளரைப் பிடித்தது. வெப்பம் தள்ளிக்கொண்டு போகும் நோய் ஒரு பக்கமாக, குளிர்ந்த வடக்குக்கோ மலையின் உயரத்துக்கோ ஏறும். இது தெற்கும் வடக்கும் ஒருசேரப் போயிருக்கிறது. கண்காணிப்பு கூடியதால் ஏற்கெனவே இருந்தது புதிதாகத் தெரியவந்திருக்கவும் கூடும்.

அப்படியானால் எதைப் பின்பற்றிப் போகிறது? 1969லேயே ஹோர்ஹே போஷல் ஒரு விடை சொன்னார். காட்டை வெட்டி ஊர் பெருகுகிறது. ஊரோடு மாடு பெருகுகிறது. மாடு காட்டோரத்தில் மேய்ந்து முழு உண்ணிகளுக்குத் தீனி ஆகிறது. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் ஒரு மாடு மேய்ந்த பாதையெல்லாம் வயிறு நிறைந்த பெண் உண்ணிகள் விழுந்து, முட்டையிடுகின்றன. 1980களின் தொடக்கத்தில் தட்சிண கன்னடத்தின் பெல்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டத்துக்காகக் காடு அழிக்கப்பட்ட பிறகு எழுந்த நோய், 1983இல் 1,500க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. இந்திய, பிரித்தானிய ஆய்வாளர்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வரைபட ஆய்வும் இதே பக்கம்தான் விரல் நீட்டுகிறது. ஈரப் பசுமைக்காடும் தோட்டமும் கலந்து கிடக்கும் நிலம், நாட்டு மாடு அதிகமுள்ள ஊர் ஆகிய இடங்களில் நோய் வாய்ப்பு கூடுதல். அடர்காட்டின் நடுவயிற்றில் இல்லை; விளிம்பில். லைம் நோயும் விளிம்பு நோயே. அங்கே விளிம்பு உண்டானது காடு திரும்பியதால். இங்கே காடு போனதால்.

குரங்கின் பங்கு தனி. சாம்பல் மந்தியும் நாட்டுக் குரங்கும் வைரஸால் தாமே சாகின்றன. செத்த குரங்கின் உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த உண்ணிகள் எல்லாம் இறங்கி அந்த இடத்தைச் சுற்றிக் கிடக்கும். மரத்தடியில் ஒரு குரங்குப் பிணம் என்றால் அந்த மரத்தடி பல வாரங்களுக்கு ஆபத்து. லைம் நோயில் சுண்டெலிக்கு ஒன்றும் ஆவதில்லை. நோய் ஓசையில்லாமல் வரும். குரங்குக் காய்ச்சல் வருமுன் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருகிறது. அறிவிப்பைப் படிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

காலநிலையின் மேல் பழி போடும் அவசரம் ஐரோப்பாவிலும் நடந்ததுதான். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் சுவீடனில் கூடியபோது, குளிர்காலம் தணிந்ததும் உண்ணி வடக்கே ஏறியதும் காரணமாகக் காட்டப்பட்டன. நம்பத் தகுந்த விளக்கம். அதே நோய் 1990களின் தொடக்கத்தில் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றிலும் திடீரெனப் பாய்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் சாரா ராண்டால்ஃப், வெப்பம் மட்டும் இதை விளக்காது என்று வாதிட்டார். சோவியத் ஆட்சி கவிழ்ந்து, கூட்டுப்பண்ணைகள் குலைந்து, வேலை இழந்தவர்கள் காளானும் காட்டுப்பழமும் பொறுக்கக் காட்டுக்குள் போனார்கள். அதனால் கடிபட்டார்கள் என்பது அவர் வாதம். சருகு அள்ளப் போகும் மலைநாட்டுப் பெண்ணுக்கு அந்த லாட்வியக்காரர்தான் உறவு. தோட்டத்தில் ரோஜா வெட்டும் கனெக்டிகட் சீமாட்டி அல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் பணக்கார நோயும் ஏழை நோயும் ஒரே கதியில் இருக்கின்றன. லைம் நோய்க்கு 1998இல் அமெரிக்காவில் தடுப்பூசி அனுமதி பெற்றது. பக்கவிளைவுப் புகார்களும் வழக்குகளும் கிளம்ப, வாங்குவோர் குறைய, 2002இல் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. குரங்குக் காய்ச்சலுக்குக் கர்நாடகம் பல ஆண்டுகள் ஒரு தடுப்பூசி போட்டுவந்தது. இரண்டு தவணை, பிறகு ஆண்டுதோறும் ஊக்கத் தவணை, ஊசி போட்ட இடத்தில் தாங்க முடியாத வலி என்று மக்கள் அடுத்த தவணைக்கு வரவில்லை, பாதுகாப்பும் போதவில்லை. 2022இல் அதுவும் நிறுத்தப்பட்டது. இரண்டு நோய்க்கும் புதிய தடுப்பூசிகள் சோதனையில் இருக்கின்றன. அதுவரை கர்நாடகச் சுகாதாரத் துறை கொடுக்கும் டெபா எண்ணெயைக் கை கால்களில் தடவிக்கொண்டு காட்டுக்குப் போவதுதான் வழி. அது பாதுகாப்புத் துறை ஆய்வகம் உருவாக்கிய விரட்டி மருந்து.

ஒப்பிட்டுப் பார்த்ததில் என் முடிவு இது. கனடாக்காரர்கள் வெப்பக் கோட்டைத் தொடர்ந்து அளந்து, அடுத்து எந்த மாவட்டத்துக்கு உண்ணி வரும் என்று முன்கூட்டிச் சொல்கிறார்கள்; அவர்கள் நோய்க்கு அது பொருத்தமான வேலை. அதே முறையை அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் அழகான வண்ண வரைபடம் கிடைக்கும், நோய் நிற்காது. நமக்கு வேண்டியது மழை ஓயும் நாளிலிருந்து நாள் எண்ணும் ஏற்பாடு. அக்டோபரிலேயே காட்டோர ஊர்களில் எண்ணெய் கையில் இருக்க வேண்டும். சருகுக்கும் விறகுக்கும் மாற்று யோசிக்காமல் ‘காட்டுக்குள் போகாதீர்கள்’ என்று பலகை வைப்பதில் பயன் இல்லை. சாகர் வட்டத்து அரளகோடு ஊராட்சியில் 2019இல் நோய் வெடித்தபோதும், 2024இல் உத்தர கன்னடத்துச் சித்தாபுரம் வட்டத்தில் பெருகியபோதும், மாதம் ஒன்றும் புதிதல்ல. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலம்தான்.

தமிழ்நாட்டுக்கு இது அயலூர்ச் சேதி அல்ல. முதுமலை ஒரு பக்கம் பந்திப்பூரோடும் மறுபக்கம் வயநாட்டோடும் ஒட்டிக் கிடக்கிறது. குரங்குக்கும் உண்ணிக்கும் மாநில எல்லை கிடையாது. கூடலூர், மசினகுடிப் பக்கம் வாழ்பவர்களும் கோடையில் அங்கே சுற்றுலாப் போகிறவர்களும் நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் செத்த குரங்கைப் பார்த்தால் தொடாதீர்கள், புதைக்கவும் முயலாதீர்கள்; அன்றே வனத்துறைக்கோ ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். காட்டுக்குப் போய் வந்த சில நாளில் திடீரென்று கடும் காய்ச்சலும் தலைவலியும் தசைவலியும் கண்டால், மருத்துவரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.